777 என்னும் சர்வரோக நிவாரணி

அச்சரப்பாக்கத்துக்கு அந்தப் பெயர் வந்த கதை, ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போகும் பலருக்கும் தெரிந்ததுதான். திரிபுரத்தை எரிக்கச் சிவபெருமான் தேரேறிப் புறப்பட்டார். தேவர்கள் எல்லோரும் தேருக்கு ஆளுக்கொரு உறுப்பாக நின்றார்கள். ஏற்பாடெல்லாம் பலம்தான்... ஆனால் புறப்படும் அவசரத்தில் விநாயகரை வணங்க மறந்துவிட்டார்கள். தேரின் அச்சு முறிந்தது. அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம். அது வாய்க்கு வாய் மாறி இன்று அச்சரப்பாக்கம். சம்பந்தர் பாடிய தலம். அச்சை முறித்த பிள்ளையாரும் அங்கேயே இருக்கிறார்.

சுருக்கமாகச் சொன்னால், சிவனுக்கே 'பர்மிஷன் டினைடு'! அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அச்சு ஏன் முறிந்தது என்று யோசித்தார்கள். காரணம் தெரிந்தது, பிள்ளையாரை வணங்கினார்கள், தேர் நகர்ந்தது. பிள்ளையாரையே ரோட்டிலிருந்து தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் லேபில் தினமும் நடப்பது அதுதான்.

லினக்ஸ் போட்ட எந்தக் கல்லூரி லேபுக்கும் பொருந்துகிற காட்சி இது. முப்பது நாற்பது மெஷின்கள். எல்லோருடைய கோப்புகளும் ஒரே சர்வரில். எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் தன் ஃபோல்டர் வர வேண்டும் என்பதற்காக என்எஃப்எஸ் என்ற ஏற்பாட்டில் சர்வரின் ஃபோல்டரை ஒவ்வொரு மெஷினிலும் இணைத்து வைத்திருப்பார்கள். ஒருநாள் ஒரு மாணவி பிராஜெக்ட்டைத் திறக்கிறாள். திறக்கிறது. திருத்துகிறாள். சேமிக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது.

"அண்ணா, சேவ் ஆக மாட்டேங்குது."

லேப் அண்ணா சர்வருக்குப் போகிறார், ஒரு வரி அடிக்கிறார். "777 போட்டாச்சும்மா, இப்ப பாரு."

சேவ் ஆகிறது. அண்ணா ஹீரோ. எல்லோரும் வேலையைப் பார்க்கப் போகிறார்கள்.

அந்த 777 என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகை ஆட்கள் உண்டு: சொந்தக்காரர், அவருடைய குழு, மற்ற எல்லோரும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. ஆக 777 என்றால், சொந்தக்காரருக்கு எல்லாம், குழுவுக்கு எல்லாம், ஊருக்கே எல்லாம். இது பூட்டைச் சரிசெய்வது அல்ல, கதவையே கழற்றி எடுத்துப் போவது. இதில் வேடிக்கை என்னவென்றால், நெட்வொர்க் வழியாக வரும் அனுமதிச் சிக்கல்களில் நிறைய, கோப்பின் அனுமதியில் இருப்பதே இல்லை. பூட்டு சரியாகத்தான் இருக்கிறது. வந்து நிற்கிற ஆள் யார் என்பதில்தான் குழப்பம். அதனால் 'என்ன அனுமதி கொடுக்கலாம்' என்பது இரண்டாவது கேள்வி. 'சர்வர் என்னை யார் என்று நினைக்கிறது' என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்காமல் போடும் 777 எல்லாம் இருட்டில் எறிகிற கல்.

இது புரிய என்எஃப்எஸ் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். 1980களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது இது. அதன் இரண்டாம் பதிப்பின் விதிமுறை 1989இல் பொதுவில் வெளியானது, மூன்றாம் பதிப்பு 1995இல், நான்காம் பதிப்பு 2000இல். சன் கம்பெனியை 2010இல் ஆரக்கிள் வாங்கிவிட்டது, ஆனால் அது பெற்ற பிள்ளை இன்னும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. அது பிறந்த காலத்தில் நெட்வொர்க்கில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழக, ஆபீஸ் மெஷின்கள். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஒரு நிர்வாகி இருப்பார். எனவே சர்வர், கிளையண்ட் மெஷின் சொல்வதை அப்படியே நம்பியது. இன்றும் சாதாரண அமைப்பில் அதே நிலைதான். கிளையண்ட், 'இந்த வேண்டுகோள் 1003ஆம் எண் பயனருடையது' என்று சொல்லும். சர்வர் 'சரி' என்று சொல்லும். பாஸ்வேர்டு கேட்காது. பெயர்கூடக் கேட்காது.

ஆமாம், பெயர் இல்லை, வெறும் எண். இங்கேதான் பாதிச் சிக்கல் பிறக்கிறது. ஒரு வங்கியின் இரண்டு கிளைகள் தனித்தனியாகக் கணக்கு எண் போடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுராந்தகம் கிளையில் 1003 ஒருவருடையது, செங்கல்பட்டு கிளையில் 1003 வேறொருவருடையது. தலைமை அலுவலகம் எண்ணை மட்டுமே பார்க்கும் என்றால் பணம் யாருக்குப் போகும்? லேபிலும் அதே கதை. ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்து தனித்தனியாகப் பயனர்களை உருவாக்கினால், எந்த வரிசையில் உருவாக்கினார்களோ அந்த வரிசையில் எண் விழும். ஒரு மெஷினில் முதலில் சேர்க்கப்பட்டவள் இன்னொரு மெஷினில் மூன்றாவதாகச் சேர்க்கப்பட்டிருப்பாள். பெயர் ஒன்று, பாஸ்வேர்டு ஒன்று, எண் வேறு. சர்வரின் கண்ணுக்கு வேறு ஆள்.

லினக்ஸ் வகைகள் மாறினால் இன்னும் மோசம். ரெட்ஹேட் குடும்பத்தில் 6ஆம் பதிப்பு வரை சாதாரணப் பயனர்களின் எண் 500இல் தொடங்கியது. 2014இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்துதான் 1000. டெபியன், உபுண்டு பக்கம் 1000. மேக்கில் முதல் பயனர் 501. தமிழ்நாட்டில் இந்தக் கலவை சகஜம். எல்காட்டில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சூசே லினக்ஸ் வந்தது. சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் டெபியன் வழி வந்தது. 2011இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்பிலும் பாஸ் ஏறியது. லினக்ஸ் மேசைக்கு வந்துவிட்டது, நல்ல விஷயம். ஆனால் பல ஊர் மாடுகளை ஒரே பட்டியில் கட்டினால் எந்த மாடு யாருடையது என்று முதலில் சூடு போட வேண்டும் அல்லவா? அந்தச் சூடுதான் பயனர் எண். அதை யாரும் போடுவதில்லை.

சரி, 777 போட்டதும் வேலை செய்ததே, அது எப்படி? அவள் சர்வருக்கு 'மற்ற எல்லோரும்' வகையில் வந்துகொண்டிருந்தாள். 777 அந்த வகைக்கு எழுதும் அனுமதி கொடுத்தது, அதனால் சேமிப்பு நடந்தது. ஆள் யார் என்ற குழப்பம் அப்படியே இருக்கிறது. அவள் இன்று அந்த மெஷினிலிருந்து ஒரு புதிய கோப்பை உருவாக்கினால் அது அவளுடைய தவறான எண்ணின் பெயரில் பதிவாகும். புதிய கோப்புக்கு வழக்கமாகக் கிடைக்கும் அனுமதி 644, அதாவது சொந்தக்காரர் மட்டும் எழுதலாம். நாளைக்கு அவள் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தால் தான் நேற்று எழுதிய கோப்பைத் தானே திருத்த முடியாது. "அண்ணா, மறுபடியும் வரலை." மறுபடியும் 777. சில இடங்களில் இதற்காகத் தினமும் இரவு தானாக 777 போடும் கட்டளையையே வைத்துவிடுகிறார்கள். ஜுரத்துக்கு மாத்திரையை அலாரம் வைத்துச் சாப்பிடுகிற மாதிரி!

பக்க விளைவுகள் வேறு. ஃபோல்டருக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து 777 போட்டால் பழைய அனுமதிகள் அழிந்துபோகும். எது எப்படி இருந்தது என்ற பதிவு எங்கும் கிடையாது, பின்னால் போக வழியில்லை. சாதாரணக் கணக்குத் தாளும் பாட்டுக் கோப்பும்கூட 'இயக்கத்தக்கது' ஆகிவிடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின் மேல் எழுதும் அனுமதி தேவையில்லை, அது இருக்கும் ஃபோல்டரின் மேல் இருந்தால் போதும். ஆக ஃபோல்டர் 777 என்றால், உள்ளே இருக்கும் கோப்பை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் எவரும் அழிக்கலாம். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய மாலையில் யாரோ 'இடம் இல்லை, பழையதை அழிக்கிறேன்' என்று கிளம்பினால் மூன்று பேரின் பிராஜெக்ட் போகும். கெட்ட எண்ணமே தேவையில்லை, அவசரம் போதும்.

மென்பொருள்களே 777ஐ நம்புவதில்லை என்பது கவனிக்க வேண்டியது. எஸ்எஸ்ஹெச் தன் ரகசியச் சாவிக் கோப்பை மற்றவர்கள் படிக்கலாம் என்றிருந்தால் அந்தச் சாவியையே ஏற்காது. மைஎஸ்க்யூஎல் தன் அமைப்புக் கோப்பில் எவரும் எழுதலாம் என்று கண்டால் 'இதை நான் கணக்கில் எடுக்கவில்லை' என்று ஒதுக்கிவிடும். ஒன்றைத் திறக்கப் போட்ட 777, வேறு இரண்டை மூடுவது இப்படித்தான்.

அப்படியானால் என்ன செய்வது? சர்வரையே கேட்க வேண்டும். கிளையண்ட்டில் 'ஐடி' என்று அடித்தால் தன் எண்ணும் குழுக்களின் எண்களும் வரும். சர்வரில் கோப்புப் பட்டியலைப் பெயர்களாக இல்லாமல் எண்களாகப் பார்க்க வேண்டும். வழக்கமாக அடிக்கும் 'எல்எஸ் -எல்' கட்டளையில் கூடவே ஒரு 'என்' சேர்த்தால் போதும். இரண்டு எண்களும் ஒன்றா என்று பாருங்கள். பெயரைப் பார்த்தால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் ஒவ்வொரு மெஷினும் தன் சொந்த அகராதியை வைத்துத்தான் எண்ணுக்குப் பெயர் சொல்கிறது.

இதைவிட நேரான சோதனை ஒன்று உண்டு. சர்வரில் எவரும் எழுதக்கூடிய, ஆனால் அவரவர் கோப்பை அவரவரே அழிக்கக்கூடிய 1777 ஃபோல்டர் ஒன்றைச் சோதனைக்கென வைத்து, கிளையண்ட்டிலிருந்து அதில் ஒரு காலிக் கோப்பை உருவாக்க வேண்டும். பிறகு சர்வரில் போய் அதன் சொந்தக்காரர் எண் என்ன என்று பார்க்க வேண்டும். சர்வர் உங்களை யார் என்று நினைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடையாது. எதிர்பார்த்த எண் வந்தால் ஆள் குழப்பம் இல்லை, கோப்பின் அனுமதியைப் பார்க்கலாம். வேறு பயனரின் எண் வந்தால் மேலே சொன்ன வங்கிக் கிளைக் கதை. 65534 வந்தால்?

அது 'நோபடி', யாரோ ஒரு அநாமதேயம். கிளையண்ட்டில் 'ரூட்', அதாவது சர்வ வல்லமை படைத்த நிர்வாகியாக இருந்து முயன்றிருந்தால் இப்படித்தான் வரும். 'என் மெஷினுக்கு நான்தான் ராஜா, எனக்கே அனுமதி இல்லையா?' என்று பலர் கொதிப்பது இங்கேதான். தன் ஊரில் ராஜாவாக இருப்பவர் அடுத்த ஊர் எல்லையில் சாதாரண ஆள்தான். சிவனுக்கே அச்சு முறிந்த ஊர் நம் பக்கத்தில் இருக்கிறது! ரூட் ஸ்குவாஷ் என்ற இந்த ஏற்பாடு லினக்ஸ் சர்வரில் யாரும் கேட்காமலே செயலில் இருக்கும். இதை எரிச்சலில் அணைத்து வைப்பது 777ஐவிட ஆபத்து. அப்புறம் எந்த மெஷினில் யாருக்கு ரூட் பாஸ்வேர்டு தெரிந்தாலும் சர்வரின் கோப்புகள் அவர் கையில்.

நான்காம் பதிப்பில் இந்த 'நோபடி' வேறு விதமாகவும் வந்து பயமுறுத்தும். அது பெயர்களை 'இன்னார், இன்ன டொமைன்' என்று அனுப்பக்கூடியது. இரண்டு பக்கமும் டொமைன் பெயர் வேறாக எழுதியிருந்தால், பட்டியலில் எல்லாக் கோப்பும் நோபடி என்று காட்டும். ஆனால் எழுதிப் பார்த்தால் எழுதும்! காட்டுவது பெயரை வைத்து, அனுமதிப்பது எண்ணை வைத்து. இதைப் பார்த்து மிரண்டு 777 போட்டவர்கள் ஏராளம். டொமைன் வரியை இரண்டு பக்கமும் ஒன்றாக்கினால் தீர்கிற விஷயம்.

மற்ற காரணங்களை வேகமாகப் பார்க்கலாம். கோப்பு சரி, அதற்கு மேலே உள்ள ஏதோ ஒரு ஃபோல்டரில் நுழையும் அனுமதி இல்லாமல் இருக்கலாம். 'நேம்ஐ -எல்' என்ற கட்டளை வழி முழுக்க ஒவ்வொரு படியாகக் காட்டும். சர்வரே அந்த ஃபோல்டரைப் 'படிக்க மட்டும்' என்று பகிர்ந்திருக்கலாம், அப்போது 777 என்ன, 7777 போட்டாலும் நகராது. செக்யூரிட்டி என்ஹான்ஸ்டு லினக்ஸ் என்ற தனிக் காவல்காரர் தடுத்திருக்கலாம். பிறகு, கண்டுபிடிக்கவே முடியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் ஒன்று: எண்ணை மட்டும் நம்பும் அந்தப் பழைய முறையில் ஒரு வேண்டுகோளில் 16 குழுக்கள் வரைதான் அனுப்ப முடியும். பதினேழாவது குழுவின் மூலம் அனுமதி பெற்ற ஆளுக்குச் சில ஃபோல்டர்கள் திறக்கும், சில திறக்காது. துறைக்கு ஒன்று, கிளப்புக்கு ஒன்று, கமிட்டிக்கு ஒன்று என்று குழு சேர்க்கும் கல்லூரிகளுக்கு இது காத்திருக்கிற வம்பு. குழு விவரத்தைச் சர்வர் தானே பார்த்துக்கொள்ளும்படி அமைக்க வழி உண்டு.

இதற்கெல்லாம் எதிராக ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. 'சின்ன லேப். எல்லோரும் தெரிந்தவர்கள். எண்ணை நம்புகிற முறையே ஓட்டைதானே? எவனாவது தன் லேப்டாப்பை நெட்வொர்க்கில் சொருகி 1003 என்று ஒரு பயனரை உருவாக்கினால் சர்வர் நம்பிவிடும். பிறகு எதற்கு இந்த ஆசாரம்?' வாதத்தின் முதல் பாதி முழு உண்மை. உண்மையான பாதுகாப்பு வேண்டுமென்றால் கெர்பரோஸ் என்ற முறையில் ஆளை நிரூபிக்க வைக்க வேண்டும். அதை அமைத்துப் பராமரிப்பது ஒரு சின்னக் கல்லூரிக்குச் சுமைதான், மறுக்க முடியாது. ஆனால் திருடனைத் தடுக்க முடியாத பூட்டு பயனற்றது என்பது தப்புக் கணக்கு. வீட்டில் பீரோவைப் பூட்டுவது திருடனுக்காக மட்டுமா? குழந்தை கை வைக்காமல் இருக்கவும்தான். லேபில் கோப்புகள் அழிவது முக்கால்வாசி கைதவறி. அதற்கு இந்தச் சாதாரண அனுமதி முறையே போதும், ஒழுங்காக வைத்திருந்தால்.

எல்லோரும் எழுத வேண்டிய பொது ஃபோல்டர் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு. அதற்கும் 777 வேண்டாம். ஒரு குழுவை உருவாக்கி, சம்பந்தப்பட்டவர்களை அதில் சேர்த்து, ஃபோல்டருக்கு 2775 கொடுத்தால் அதில் பிறக்கும் கோப்புகள் அந்தக் குழுவுக்கே சொந்தமாகும். கூடவே பயனர்களின் 'யூமாஸ்க்'கை 002 ஆக்க வேண்டும், இல்லையென்றால் குழுவினர் படிக்கலாம், எழுத முடியாது. யார் எழுதினார் என்பதே முக்கியமில்லாத குப்பைத்தொட்டி ஃபோல்டர் என்றால், வருகிற எல்லோரையும் ஒரே எண்ணாக மாற்றும்படி சர்வரிலேயே சொல்லிவிடலாம். அது சோம்பலால் வந்ததல்ல, தெரிந்தே எடுத்த முடிவு. அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக எழுதியிருக்கும், பிறகு வருபவர் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

இது கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் கவலை, காமர்ஸ் படிப்பவனுக்கு என்ன என்று கேட்பவர்கள் தங்கள் ஆடிட்டிங் பாடத்தைக் கொஞ்சம் புரட்டலாம். இன்டர்னல் செக் என்று ஒரு பாடம் உண்டே... வசூல் செய்பவரே லெட்ஜரில் பதியக் கூடாது, ஒருவர் வேலையை இன்னொருவர் வேலை தானாகச் சரிபார்க்க வேண்டும் என்று. பரீட்சையில் பத்து மார்க் வாங்கிவிட்டு ஆபீஸுக்குப் போனால், டேலியின் டேட்டா ஃபோல்டரை விண்டோஸில் 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' என்று பகிர்ந்து வைத்திருப்பார்கள். அது 777இன் சொந்தத் தம்பி. விண்டோஸிலும் இரண்டு பூட்டு உண்டு, பகிர்வின் அனுமதி ஒன்று, டிஸ்க்கின் அனுமதி ஒன்று. நெட்வொர்க்கில் வருபவருக்கு இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். எது தடுக்கிறது என்று பார்க்கப் பொறுமையில்லாமல் இரண்டையும் திறந்துவிடுவது அங்கே வழக்கம்.

2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் கணக்கு எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை நிறுத்த முடியாதபடி இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நல்ல விதி. மென்பொருளுக்குள் எடிட் லாக் கண்ணும் கருத்துமாக எழுதிக்கொண்டிருக்கும். வெளியே அந்த ஃபோல்டரையே எவரும் அழிக்கலாம், பழைய பேக்கப்பை மேலே போட்டு மூடலாம் என்று கதவு திறந்து கிடக்கும். யார் செய்தார் என்று கேட்டால் 'எவ்ரிஒன்' செய்தார்! பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் எல்லோரும் ஒரே ரப்பர் ஸ்டாம்பைக் குத்துகிற ஆபீஸில் ஆடிட்டர் என்ன கண்டுபிடிப்பார்?

ஏற்கெனவே 777 போட்டு வைத்திருக்கிற லேபுக்கும் வழி இருக்கிறது, ஒரு சனிக்கிழமை வேலைதான். முதலில் பயனர்களின் எண்களை ஒரு தாளில் எழுதி, எல்லா மெஷினிலும் ஒருவருக்கு ஒரே எண் என்று ஆக்க வேண்டும். நாற்பது மெஷினில் கையால் செய்ய முடியாதென்றால் எல்டேப் மாதிரி ஒரே இடத்தில் பயனர் பட்டியலை வைக்கலாம். எண்ணை மாற்றும்போது அந்த ஆள் உள்ளே இருக்கக் கூடாது. அடுத்து சர்வரில் பழைய எண்ணில் கிடக்கும் கோப்புகளை 'ஃபைண்ட்' கட்டளையால் தேடி உரியவர் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பிறகே 777ஐ எடுக்க வேண்டும். முதலில் எடுத்தால் லேப் முழுக்க "அண்ணா" என்று கூப்பாடு எழும். எடுக்கும்போது ஃபோல்டருக்கும் கோப்புக்கும் ஒரே எண் போடக் கூடாது. ஃபோல்டருக்கு இயக்கும் அனுமதி போனால் உள்ளேயே நுழைய முடியாது. மாற்றிய உடனே கிளையண்ட்டில் பலன் தெரியாவிட்டால் பதற வேண்டாம், கோப்பின் விவரங்களைக் கிளையண்ட் சிறிது நேரம், வழக்கமான அமைப்பில் அதிகபட்சம் 60 விநாடி, தன்னிடமே வைத்திருக்கும். புதிதாகக் குழுவில் சேர்த்தவர்கள் ஒருமுறை வெளியே போய் மறுபடி உள்ளே வர வேண்டும். அந்த ஒரு நிமிடம் பொறுக்காமல்தான் நிறையப் பேர் மறுபடியும் 777 அடிக்கிறார்கள்.